இயந்திரம் மலையில், ஆள் அறையில்: புதிய தொழிலை நாம் எப்படிப் பார்ப்பது?

(தோட்டக் கிளைகளின் இளைஞர் அணியும் மாதர் சங்கமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கமாக நாம் கூடினால் சம்பளத்தில் தொடங்கி லயத்துக் கூரையில் முடிப்போம். இன்றைக்கு இளைஞர் அணி வேறொரு விஷயத்தைப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறது. தூரத்தில் நிற்கும் கனரக இயந்திரத்தை ஓர் அறைக்குள் உட்கார்ந்து இயக்கும் தொழில்தான் அது. எங்கோ நடக்கிற கதை நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நமது தோட்டங்களில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் இன்று பெக்கோவிலும் டோசரிலும் டிப்பரிலும் பிழைக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வீதி வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் மாடிக் கட்டடங்களுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கட்டாருக்கும் சவூதிக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தொழில் மாறிக்கொண்டு வருகிறது. ஆகவே இது நமது வீட்டு விஷயம்.

இந்தத் தொழிலைப் பற்றி நம்மிடம் மூன்று விதமான கேள்விகள் வருகின்றன. சாதாரண தரம் முடித்த பிள்ளைகள் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, “இப்படி வேலை உண்மையிலேயே இருக்கிறதா, நமக்குக் கிடைக்குமா?” என்று கேட்கிறார்கள். அம்மாமார், “காசு கட்டினால் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள், நம்பலாமா?” என்று கேட்கிறார்கள். வயதானவர்கள், “ஆள் இல்லாமல் மெஷின் ஓடினால் அப்புறம் ஆளுக்கு என்ன வேலை?” என்று கேட்கிறார்கள். மூன்றுமே நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் தேடுவோம்.

இது என்ன வேலை?

இதில் மூன்று படிகள் இருக்கின்றன. முதற்படியில், ஒப்பரேட்டர் இயந்திரத்தை விட்டு இறங்கிப் பத்து இருபது மீற்றர் தள்ளி நின்று, கழுத்தில் மாட்டிய ஒரு பெட்டியிலுள்ள பொத்தான்களால் அதை இயக்குவார். இயந்திரம் அவர் கண் முன்னால்தான் நிற்கும். இரண்டாவது படியில், ஒப்பரேட்டர் வேறோர் இடத்தில் அறைக்குள் இருப்பார். இயந்திரத்தில் பூட்டிய கெமராக்கள் காட்டுவதைத் திரைகளில் பார்த்து, பெக்கோவில் இருப்பது போன்ற கைப்பிடிகளால் இயக்குவார். மூன்றாவது படியில், இயந்திரம் தானாகவே ஓடும். அறையில் இருப்பவர் அதைக் கவனித்துக்கொண்டு இருப்பார். அது தடுமாறி நிற்கும்போது மட்டும் கையில் எடுப்பார். இந்த மூன்றாவது படியில் ஓர் ஆள் ஓர் இயந்திரத்தைப் பார்ப்பதில்லை. பல இயந்திரங்களைப் பார்க்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

இதன் பெரிய உதாரணம் மேற்கு அவுஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே பில்பரா என்ற வரண்ட பிரதேசத்தில் இரும்புத்தாதுச் சுரங்கங்கள் உள்ளன. ரியோ டின்டோ என்ற கொம்பனி அங்கிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர் தள்ளி, பெர்த் நகரத்தில் 2010ஆம் ஆண்டு ஓர் இயக்க நிலையத்தைத் திறந்தது. இலங்கையின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை மூன்று முறை போனாலும் அந்தத் தூரம் வராது. அங்கே சாரதி இல்லாத பெரிய லொறிகள் தாது ஏற்றுகின்றன. துளை போடும் இயந்திரங்களையும் தூரத்திலிருந்து இயக்குகிறார்கள். 2018இல் சாரதி இல்லாத தாது ரயிலும் ஓடத் தொடங்கியது. ஆகவே பிள்ளைகளின் முதல் கேள்விக்குப் பதில்: ஆம், இது உண்மையான தொழில்.

ஏன் வந்தது?

முதலாளிமாருக்கு இதில் இலாபம் உண்டு என்பது தெரிந்ததுதான். ஆனால் இந்தத் தொழில் பிறந்த கதையில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அது நமது மலைகளுக்கு மிகவும் நெருக்கமானது.

ஜப்பானில் உன்சென் என்ற எரிமலை 1990இல் மறுபடி விழித்தது. 1991 ஜூன் 3ஆம் திகதி சுடுசாம்பலும் கல்லும் சரிவில் பாய்ந்து வந்து 43 பேரைக் கொன்றது. அதற்குப் பிறகும் மழை பெய்தால் சாம்பலும் சேறும் ஊருக்குள் இறங்கின. சேற்றை அள்ளித் தடுப்பணை கட்டினால்தான் ஊர் தப்பும். ஆனால் அள்ளப் போகிறவனின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அப்போதுதான் பெக்கோக்களையும் டோசர்களையும் டிப்பர்களையும் ஆள் ஏறாமல் தூரத்திலிருந்து இயக்கும் முறையை அங்கே பெரிய அளவில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 2011இல் புகுஷிமா அணுஉலை விபத்துக்குப் பின், கதிர்வீச்சு நிறைந்த இடிபாடுகளை அகற்றவும் இந்த முறை உதவியது.

இதைக் கேட்கும்போது நமக்கு எந்த ஊர் ஞாபகம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தேடப் போன இயந்திரங்கள் ஈரமான சரிவின் கீழே நின்றன. மழை வந்தால், மறுபடி மண் இறங்குமோ என்ற பயத்தில் தேடுதலை நிறுத்த வேண்டி வந்தது. மண்ணுக்கு அடியில் நமது சனம், மேலே தொங்கும் மலை, நடுவில் பெக்கோவுக்குள் ஒரு பொடியன். இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துப் பாருங்கள். அந்தப் பொடியன் இருநூறு மீற்றர் தள்ளி, பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு தோண்ட முடியுமென்றால் அதை நாம் ஏன் எதிர்க்க வேண்டும்?

ஆகவே நமது முதல் நிலைப்பாடு இதுதான்: ஓர் உயிரை ஆபத்திலிருந்து இறக்கிவிடும் இயந்திரத்துக்கு நாம் எதிரிகள் இல்லை. நாம் கேட்பது, இறக்கிவிட்ட பிறகு அந்த ஆளை எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்பதைத்தான்.

அந்த நாற்காலியில் வேலை எப்படி?

வீடியோவில் பார்க்கும்போது குளிரூட்டிய அறை, நல்ல நாற்காலி, பளபளப்பான திரை. தூசி இல்லை, வெயில் இல்லை. இதில் பொய் எதுவும் இல்லை. பெக்கோவிலும் டோசரிலும் பத்து வருடம் இருந்தவருடைய முதுகைக் கேட்டால் தெரியும். நாள் முழுக்க உடம்பைக் குலுக்கும் அதிர்வு இடுப்பைத் தின்றுவிடும். துறைமுகப் பாரந்தூக்கியின் கூண்டு பல மாடி உயரத்தில் இருக்கும். ஏறினால் முறை முடியும்வரை இறங்குவது பெரும்பாடு. குனிந்து கீழே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வரும். மலசலகூடத்துக்குப் போவதும் கஷ்டம். கொழுந்து மலையில் அந்தக் கஷ்டம் என்ன என்று இங்கே இருக்கும் அக்காமாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அறைக்குள் வந்தால் இவையெல்லாம் குறையும்.

ஆனால் வேறு பாரங்கள் வருகின்றன. நேரில் பெக்கோ ஓட்டுபவர் கண்ணால் மட்டும் ஓட்டுவதில்லை. வாளி கல்லில் தட்டினால் ஆசனம் சொல்லும். எஞ்சின் இழுத்தால் காது சொல்லும். மண் நழுவினால் வயிறு சொல்லும். அறைக்குள் உட்கார்ந்தவுடன் இந்த அறிவில் பெரும்பகுதி போய்விடுகிறது. திரையில் குழியின் ஆழம் சரியாகத் தெரியாது. கைப்பிடியை அசைப்பதற்கும் இயந்திரம் அசைவதைத் திரையில் பார்ப்பதற்கும் நடுவில் ஒரு சிறிய தாமதம் இருக்கும். கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் இருபது தொன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் அந்த நேரம் போதும். இணைப்பு அறுந்தால் இயந்திரம் தானாக நிற்கும்படி அமைத்திருக்க வேண்டும். அது நின்றால் ஒப்பரேட்டருடைய கணக்கும் நின்றுவிடும். அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

கண்ணும் மனமும் களைத்துப் போகின்றன. மூன்றாவது படியில், மணிக்கணக்கில் எதுவும் நடக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்து, திடீரென்று ஒரு நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். சும்மா பார்த்துக்கொண்டு இருப்பது இலேசான வேலை என்று நினைப்பவர்கள், இரவு முழுக்க பெக்டரி வாசலில் காவல் இருக்கும் ஐயாவைக் கேட்டுப் பார்க்கட்டும்.

நாற்காலி யாருக்குக் கிடைக்கிறது?

இங்கேதான் நமக்கு நம்பிக்கை தரும் ஒரு செய்தி இருக்கிறது. கேரளத்தில் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் விழிஞ்ஞம் என்ற மீனவ ஊர். அங்கே புதிய துறைமுகம் 2024 டிசம்பரில் வணிக வேலையைத் தொடங்கியது. கொள்கலன் அடுக்கும் இடத்திலுள்ள பாரந்தூக்கிகளை அறையிலிருந்து இயக்குகிறார்கள். அப்படி இயக்கும் அணியில் ஒன்பது பெண்கள் இருப்பதாக 2025இல் பத்திரிகைகள் எழுதின. விழிஞ்ஞம், பூவாறு போன்ற அயலூர்களின் பெண்கள், மீனவக் குடும்பங்களில் பிறந்தவர்களும் அவர்களில் உண்டு. கூண்டுக்கு ஏறத் தேவையில்லை, தோள்பலம் தேவையில்லை என்றவுடன், “இது ஆம்பிளை வேலை” என்று சொல்லி வந்த சாக்கு போய்விட்டது.

அதே ஊரின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கரை அரிக்கிறது, வீடும் தொழிலும் போகிறது என்று அந்த ஊர் மீனவர்கள் 2022இல் மூன்று மாதத்துக்கும் மேலாகப் போராடினார்கள். கடலை நம்பியிருக்கும் ஓர் ஊரின் இழப்பை ஒன்பது நாற்காலிகள் ஈடுசெய்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஊருக்குள் ஒரு தொழில் வந்தால், அதன் நல்ல ஆசனங்களில் ஊர்ப் பிள்ளைகள் உட்கார முடியும் என்பதற்கு அந்தப் பெண்கள் சாட்சி.

நமது நாட்டிலும் இது வந்துவிட்டது. கொழும்புத் துறைமுகத்தின் மேற்கு முனையம் 2025 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. தானியங்கி முறையில் அமைந்த ஆழ்கடல் முனையம் என்று அதை அறிமுகப்படுத்தினார்கள். நமது பிள்ளைகள் கொழும்பில் எங்கே வேலை செய்கிறார்கள்? பெரும்பாலும் கடைகளில், ஹோட்டல்களில், வீடுகளில். துறைமுகத்தில் அப்படியொரு அறை இருப்பது நமது பாடசாலைகளில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? தெரியாத கதவை யாரும் தட்டப் போவதில்லை.

பில்பராவிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. வேலை பெர்த் நகரத்துக்குப் போனதால், வாரக்கணக்கில் பாலைவன முகாமில் கிடந்தவர் இரவில் தன் வீட்டில் தூங்க முடிகிறது. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வெளிநாடு போன குடும்பங்கள் நிறைந்த நமக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வாழும் மக்களுக்கு, அந்த நிலத்தின் ஆதிவாசிகள் உட்பட, கையெட்டும் தூரத்தில் இருந்த வேலை நகரத்துக்குப் போய்விடுகிறது என்ற கவலை எழுந்தது. நகரத்துக்குப் போகும் நாற்காலி நாளைக்கு இன்னும் மலிவான நாட்டுக்கும் போகலாம். ஜப்பானில் கடைகளில் குளிர்பானப் போத்தல் அடுக்கும் ரோபோக்களைப் பிலிப்பைன்சில் மணிலாவிலிருந்து ஆட்கள் கவனிக்கிறார்கள். ரோபோ தடுமாறினால் மணிலாவில் இருப்பவர் அதை எடுத்து இயக்குகிறார். அது பெக்கோ வேலை இல்லைதான். ஆனால் வழி ஒன்றுதான்: வேலை ஒரு நாட்டில், ஆள் இன்னொரு நாட்டில், சம்பளம் ஆள் இருக்கும் நாட்டுக் கணக்கில். ஒருநாள் அந்த அறை கொழும்பிலோ கண்டியிலோ திறக்கலாம். திறந்தால், எந்த நாட்டுச் சட்டப்படி வேலை நேரம், எந்த நாட்டுச் சட்டப்படி நட்டஈடு, சேமலாப நிதி யார் கட்டுவது என்பதை முதல் நாளே கேட்க வேண்டும்.

எத்தனை நாற்காலி, என்ன கணக்கு?

இப்போது வயதானவர்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு பெரிய லொறி இரவு பகலாக ஓட வேண்டுமென்றால், முறை மாற்றி மாற்றிப் பல சாரதிகள் வேண்டும். மூன்றாவது படிக்குப் போனால் அந்தச் சாரதிகள் யாருமே தேவையில்லை. அறையில் ஒருவர் பல லொறிகளைப் பார்த்துக்கொள்வார். பழுது பார்ப்பவர், கணினி பார்ப்பவர், இணைப்புப் பார்ப்பவர் என்று புதிய வேலைகள் வரும் என்பது உண்மை. ஆனால் போகும் வேலையும் வரும் வேலையும் ஒரே எண்ணிக்கை இல்லை, ஒரே ஆளுக்கும் இல்லை. லொறி ஓட்டிய ஐம்பது வயதுக்காரரை மறுநாளே கணினி பழுதுபார்க்க அனுப்ப முடியாது.

அடுத்தது கணக்கு. இந்த இயந்திரங்களில் ஒவ்வொரு அசைவும் பதிவாகிறது. எத்தனை வாளி அள்ளினார், எத்தனை நிமிடம் நின்றார், எத்தனை பெட்டி தூக்கினார் என்று எல்லாம் கணினியில் இருக்கும். இதை நாம் புதுசாகக் கற்கத் தேவையில்லை. தராசு யார் கையில் இருக்கிறதோ கணக்கும் அவர் கையில் என்பதை நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம். தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்தது யார்? கிலோ குறைந்தால் அரைப் பேர் போட்டது யார்? 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானி வந்தது. கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனது. பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். சம்பளத்தை அரசாங்கம் சொன்னது, கிலோவைக் கொம்பனி சொன்னது. கணக்கைப் பற்றிப் பேச ஒப்பந்தம் இல்லையென்றால் சம்பள உயர்வு எப்படிக் கரையும் என்பதை நாம் அனுபவத்தில் கண்டோம்.

அறைக்குள் இருக்கும் ஒப்பரேட்டருக்கும் இதே கதைதான். அவருடைய தராசு கணினிக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கணக்கைப் பார்க்க அவருக்கும் அவருடைய சங்கத்துக்கும் உரிமை இருக்க வேண்டும்.

மற்றச் சங்கங்கள் என்ன செய்தன?

இதை முதலில் எதிர்கொண்டவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள். மூன்று உதாரணங்களைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான துறைமுகத் தொழிலாளர் சங்கம் 1960இல் முதலாளிமாரோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. மூட்டை தூக்கும் கைகளுக்குப் பதிலாக இயந்திரங்கள் வந்துகொண்டிருந்த காலம். சங்கம் இயந்திரத்தை ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு, பதிவு செய்த தொழிலாளர் யாரையும் நிறுத்தக் கூடாது, ஆண்டுக்கு 50 இலட்சம் டொலரை முதலாளிமார் ஒரு நிதியில் போட வேண்டும், அதிலிருந்து வருமான உத்தரவாதமும் முன்கூட்டியே ஓய்வு பெறுபவர்களுக்குப் பணமும் தர வேண்டும் என்று எழுதி வாங்கியது. அன்று வேலையில் இருந்தவர்களை அது காத்தது. ஆனால் அடுத்த தலைமுறைக்கு வேலைகள் சுருங்கின. இரண்டையும் நாம் பார்க்க வேண்டும்.

நெதர்லாந்தின் ரொட்டர்டாம் துறைமுகத்தில் 2015இல் புதிய முனையங்கள் திறந்தன. பாரந்தூக்கி ஒப்பரேட்டர்கள் கூண்டிலிருந்து இறங்கி அறைக்குள் போனார்கள். பல நூறு வேலைகள் போகும் என்று கணித்த சங்கங்கள் 2016 ஜனவரியில் 24 மணிநேர வேலைநிறுத்தம் செய்தன. அதன் பின் அந்த ஆண்டிலேயே, 2020 நடுப்பகுதி வரை வேலை உத்தரவாதம் என்ற உடன்பாடு வந்தது.

மூன்றாவது, 2024 ஒக்டோபர். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் வளைகுடாக் கரையிலும் சுமார் 45,000 துறைமுகத் தொழிலாளர்கள் மூன்று நாட்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆறு வருடத்தில் 62 சதவீத சம்பள உயர்வுக்கு உடன்பாடு கண்டார்கள். அதோடு வீட்டுக்குப் போகவில்லை. தானியங்கி இயந்திரங்கள் பற்றிய பேச்சைத் தொடர்ந்து நடத்தி, 2025 ஜனவரியில் வேலைகளுக்குப் பாதுகாப்புத் தரும் வாசகங்களையும் ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள்.

மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. பேச்சுவார்த்தை மேசையில் இயந்திரத்துக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். சம்பளத்தை மட்டும் பேசிவிட்டு எழும்பவில்லை. இயந்திரம் வந்து எல்லாம் முடிந்த பிறகு பேசப் போனால், பேசுவதற்கு நம்மிடம் எதுவும் மிஞ்சாது.

பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

தம்பி தங்கைகளே, இந்தத் தொழிலுக்குப் போக ஆசையென்றால் வழி இருக்கிறது. அது மூன்று மாதக் குறுக்கு வழி இல்லை. அறைக்குள் உட்காருகிறவருக்கு மண்ணும் இயந்திரமும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே நேரில் இயந்திரம் ஓட்டிப் பழகிய அனுபவம் பெரிய பலம். நமது நாட்டில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் முறை ஏழு மட்டங்களாக இருக்கிறது. கனரக இயந்திரம் இயக்குவதற்கும் அதில் சான்றிதழ் உண்டு.

ஏற்கெனவே பெக்கோ ஓட்டும் தம்பிமார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் பெரும்பாலும் ஓர் அண்ணனோடு கையாளாகப் போய்ப் பழகியவர்கள். கையில் தொழில் இருக்கிறது, காகிதம் இல்லை. செய்து கற்ற தொழிலைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதைச் சொல்வார்கள். நைட்டா என்று நாம் சொல்லும் தொழில் பயிலுனர் பயிற்சி அதிகாரசபையில் கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்தக் காகிதம் இல்லாததால்தான் பத்து வருட அனுபவக்காரரைக்கூட உதவியாளர் சம்பளத்தில் வைத்திருக்கிறார்கள்.

பாடசாலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு: கணிதத்தைக் கைவிடாதீர்கள். திரையில் வரும் எச்சரிக்கையை வாசிக்க ஆங்கிலம் வேண்டும். கொழும்பில் வேலை செய்யச் சிங்களம் வேண்டும். கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளை இந்தப் பக்கம் அனுப்பத் தயங்கும் அப்பாமார் விழிஞ்ஞத்துப் பெண்களை நினைத்துக்கொள்ளட்டும்.

அம்மாமாரே, காசு கேட்பவர்களைப் பற்றி. வெளிநாட்டு வேலை என்றால், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்று முதலில் பாருங்கள். அந்த வேலைக்கு, அந்த எண்ணிக்கைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்றும் பணியகத்திலேயே கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். கடவுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டாம். இயந்திரத்தில் ஏறியே பழகாத பிள்ளைக்கு நேரடியாக ரிமோட் ஒப்பரேட்டர் வேலை, இலட்சக்கணக்கில் சம்பளம் என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பாதீர்கள். தோட்டை அடகு வைப்பதற்கு முன் கிளைத் தலைவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சங்கம் கேட்க வேண்டியவை

இனி நமது கோரிக்கைகள். இந்தக் கூட்டத்தின் முன் ஐந்தை வைக்கிறோம்.

ஒன்று: மண்சரிவு அபாயமுள்ள மலையக மாவட்டங்களுக்காக, தூரத்திலிருந்து இயக்கக்கூடிய மீட்பு இயந்திரங்களை அரசாங்கம் அனர்த்த முகாமைத்துவப் பணிக்கு வாங்க வேண்டும். அவற்றை இயக்க மலையகத்து இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். இந்தச் சரிவுகளின் பாதையும் ஓடையும் தெரிந்தவர்கள் அவர்கள்தான். இயந்திரம் வந்துவிட்டது என்பதற்காகப் பாதுகாப்பான காணியில் வீடு என்ற கோரிக்கையை நாம் விடப்போவதில்லை. மண்ணுக்குள் தேடுவதைவிட, மண்ணுக்குக் கீழே யாரும் இல்லாமல் செய்வதே மேல்.

இரண்டு: கனரக இயந்திரப் பயிற்சி நமக்கு எட்டும் தூரத்தில், தமிழ் மொழியிலும் நடக்க வேண்டும். பயிற்சிக் காலத்துக்கு உதவிப்பணமும் பெண்களுக்குத் தங்குமிடமும் வேண்டும்.

மூன்று: தோட்டத்துக்குள் எந்தப் புதிய இயந்திரம் வந்தாலும், கொழுந்து வெட்டும் மெஷினானாலும் மருந்தடிக்கும் ட்ரோனானாலும், அதைக் கொண்டுவருவதற்கு முன் சங்கத்தோடு பேச வேண்டும். அதை இயக்கும் வேலைக்கு முதலில் அந்தத் தோட்டத்துத் தொழிலாளரையே பழக்க வேண்டும். யாருடைய பேரும் செக்ரோலிலிருந்து விழக் கூடாது.

நான்கு: இயந்திரம் எடுக்கும் கணக்கு எதுவானாலும் அதைப் பார்க்கவும் சரிபார்க்கவும் தொழிலாளிக்கு உரிமை வேண்டும். மெஷின் பழுதானால், இணைப்பு அறுந்தால், அந்த நேரமும் வேலை நேரமே.

ஐந்து: இவை எல்லாம் வாய்ப்பேச்சில் நிற்கக் கூடாது. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இயந்திரங்களுக்கென்று தனிப் பிரிவு வேண்டும்.

இவற்றைக் கிளைக் கூட்டங்களில் வாசித்து, கூட்டியோ குறைத்தோ தீர்மானமாக அனுப்புங்கள். இன்னொரு வேலையையும் ஒவ்வொரு கிளையிடமும் ஒப்படைக்கிறோம். உங்கள் தோட்டத்திலிருந்து கனரக இயந்திர வேலைக்குப் போன பிள்ளைகளின் பட்டியலை எழுதுங்கள். எங்கே வேலை, எத்தனை வருடம், சான்றிதழ் உண்டா இல்லையா, சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று எழுதினால் போதும். மாதர் சங்கமும் இளைஞர் அணியும் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் செய்யுங்கள். சான்றிதழ் இல்லாதவர்களைப் பரிசோதனைக்கு விண்ணப்பிக்க வைக்கும் வேலையை நாம் எடுத்துக்கொள்கிறோம். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் பாடசாலை முடிந்ததும் வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம்.

நமது முன்னோர் இந்த மலைகளைக் கையால் வெட்டித் திறந்தார்கள். வீதி போட்டார்கள், ரயில் பாதைக்கு மண் சுமந்தார்கள். அன்றைய கனரக இயந்திரம் அவர்களுடைய தோள்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கைப்பிடியைப் பிடித்து அறைக்குள் உட்காருவதானால், அது நல்ல சம்பளத்தோடும் சரியான கணக்கோடும் சங்கத்தின் அட்டையோடும் இருக்கட்டும்.